பணியிட மாற்றமும் தலைமையின் கடமையும்
பல்லாவரம் வட்டாரத் தோல் தொழில் தரும் பாடங்கள்

முன்னுரை

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகப் பொழிச்சலூர் செல்லும் சாலையில் பல்லாண்டுகள் பயணம் செய்த மூத்தோர்க்கு அவ்வழியின் மணம் நினைவிருக்கும். ஊறிய தோலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த மணம் அது. புதிதாக வந்தவர் மூக்கைப் பொத்திக்கொள்வர். அங்கேயே வாழ்ந்தவர்க்கோ அது பிழைப்பின் மணம். குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் எனப் பரந்திருந்த தோல் தொழில் வட்டாரத்தை அடுத்து அடையாற்றங்கரைப் பகுதியில் அமைந்த ஊர் பொழிச்சலூர். இத்தொழிற்கூடங்களுக்கு மிதிவண்டியில் சென்று, மாலையில் கைகளில் கறையோடு திரும்பிய தந்தையரின் பிள்ளைகள் பலர் பின்னாளில் கல்லூரிப் படிகளை மிதித்தனர்.

அந்தத் தந்தையர் தம் பணிக்காலத்திற்குள்ளேயே வேலை முறை அடியோடு மாறியதைக் கண்டனர். இத்தொழிலின் வரலாற்றில் அத்தகைய மாற்றம் ஒரு முறையன்று, மும்முறை நிகழ்ந்தது. சில கூடங்கள் அம்மாற்றங்களைக் கடந்து தழைத்தன. சில கூடங்கள் கதவடைத்தன. மூலதனமும் சந்தையும் இதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரே தெருவில், ஏறத்தாழ ஒரே முதலீட்டில் நடந்த இரு கூடங்களுள் ஒன்று நிலைப்பதும் மற்றொன்று கலைவதும் ஏன்? மாற்றத்தை நடத்திய தலைமையின் தன்மையில் இவ்வினாவிற்குரிய விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது என்பது நம் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டையிலிருந்து குரோமுக்கு

தோல் பதனிடுதல் தமிழகத்தின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. பச்சைத் தோலை நீரில் ஊறவைத்து உப்பு நீக்கி, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் அகற்றி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் மாற்றி மாற்றி ஊறவிட்டு, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் பூசி உலர்த்துவர். இப்பணி வாரக்கணக்கில் நீளும். இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தின் வழியே இங்கிலாந்துக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது படைவீரர் காலணிகளுக்காக அதற்கு மிகுந்த தேவை ஏற்பட்டது.

முதல் மாற்றம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முளைவிட்டது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் கண்காணிப்பாளராக விளங்கிய ஆல்பிரட் சாட்டர்டன், குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையை இங்கு ஆய்ந்து பரப்பினார். அவ்வழியில் 1912இல் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்நிறுவனத்தின் பெயரே இன்றளவும் ஊர்ப் பெயராக நிற்கிறது. நாள்தோறும் குரோம்பேட்டை என்று சீட்டு வாங்கிப் பயணம் செய்யும் மாணவருள் எத்துணைப் பேர், அப்பெயர் ஒரு வேதிப்பொருளின் பெயர் என்பதை எண்ணிப் பார்த்திருப்பர்?

ஆயினும் பெரும்பாலான கூடங்கள் நெடுங்காலம் பட்டை முறையையே பற்றி நின்றன. இரண்டாவது மாற்றமே அவற்றை அசைத்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1970களின் தொடக்கத்தில் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடிக்கப்பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் அளித்தது. நாட்டில் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் பெருகவேண்டும் என்பது அதன் நோக்கம். கொள்கை நன்று. ஆனால் குழியோரம் நின்று வேலை செய்தவர்க்கு அது எவ்வாறு வந்து சேர்ந்தது? தொட்டிகளின் இடத்தில் சுழலும் மர உருளைகள் வந்தன. வாரக்கணக்கில் நடந்த பதனிடுதல் ஓரிரு நாளில் முடிந்தது. தோல் பழுப்பு நிறம் நீங்கி ஈரநீலமாக வெளிவந்தது. பட்டையை இடித்தவர், சாற்றின் கடுமையை நாவில் வைத்துச் சொன்னவர், தோலைத் திருப்பித் திருப்பிப் போட்டவர் ஆகியோரின் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்தன.

மூன்றாவது மாற்றம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியும், கேடு நேருமுன் காக்க வேண்டும் என்னும் நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், வடஆர்க்காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் கெட்டுப்போனது என்பதையும் அது எடுத்துக்காட்டியது. பல்லாவரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழிசெய்யாத கூடங்கள் மூடப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது சிறு கூடங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆகவே, போட்டியாளர்களாக இருந்தோர் பங்குதாரர்களாகிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். பல்லாவரம் வட்டாரக் கூடங்களுக்காக நாகல்கேணிப் பகுதியில் அமைந்த நிலையம் அத்தகையது. 1991இல் வகுக்கப்பட்ட நடுவண் அரசுத் திட்டத்தின்படி, இத்தகைய நிலையத்தின் செலவில் நடுவண் அரசு 25 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் ஏற்க, 30 விழுக்காடு கடனாகவும் 20 விழுக்காடு தொழில் முனைவோரின் பங்காகவும் அமைந்தது.

வால்வைத் திறக்கும் கை

கோடிக்கணக்கில் செலவிட்டு நிலையம் அமைத்தாயிற்று. இனி எல்லாம் நலமே என்று எண்ணினால், அங்கேதான் பிழை தொடங்குகிறது. குரோமியம் கலந்த நீரை மற்றக் கழிவுநீரோடு கலக்காமல் தனியே பிரிக்க வேண்டும். பிரித்தால் மட்டுமே அதிலுள்ள குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்த இயலும். கலந்துவிட்டாலோ பொது நிலையத்தில் சேரும் சேறு முழுவதும் நச்சுச் சேறாகிவிடும். இந்தப் பிரிப்பைச் செய்பவர் யார்? பொறியாளர் அல்லர், முதலாளியும் அல்லர். உருளையின் அருகே நின்று, எந்த வாய்க்காலில் எந்த நீரை விடவேண்டும் என்று வால்வைத் திறக்கும் தொழிலாளியே அதனைச் செய்கிறார்.

இரவு இரண்டு மணிக்கு, மேற்பார்வையாளர் கண் அயர்ந்திருக்கும் வேளையில், அக்கை எந்த வால்வைத் திறக்கிறது என்பதில்தான் முழுத் திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் தங்கியுள்ளன. ஏன் பிரிக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் விளக்கவில்லை என்றால், எளிதான வால்வையே அவர் திறப்பார். இதில் அவரைக் குறைகூறுவதற்கு என்ன இருக்கிறது? பணியிட மாற்றம் பற்றிய முதல் உண்மையை இங்கே காண்கிறோம். ஆணையால் இயந்திரத்தை மாற்றலாம். பழக்கத்தை மாற்ற அறிவும் இசைவும் வேண்டும்.

எதிர்ப்பின் வேர்

“தொழிலாளர் எந்த மாற்றத்தையும் எதிர்ப்பர்” என்பது நிருவாகத்தார் பலரின் பொதுவான கூற்று. இக்கூற்று முழு உண்மையன்று. மகளின் திருமணத்திற்காக ஊர் மாறுகிறவர், மகனின் படிப்பிற்காகப் புறநகரில் குடியேறுகிறவர் ஆகியோரும் தொழிலாளரே. அம்மாற்றங்களை அவர்கள் தாமே தேடிச் செல்கின்றனர். எனவே, அவர்கள் அஞ்சுவது வேறொன்றை.

பட்டைத் தொட்டியில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்த பெரியவர் ஒருவரோடு சில ஆண்டுகளுக்கு முன் உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் சொன்னார்: “இந்தக் கட்டைவிரலால அழுத்திப் பார்த்தே தோல் பதமாச்சா இல்லையான்னு சொல்லிடுவேன் சார். முதலாளி பாயே என்னைக் கேட்டுட்டுத்தான் தொட்டியை மாத்துவாரு. உருளை வந்த பிறகு அது பக்கத்துல போனாலே, ‘தள்ளி நில்லு பெரியவரே’ன்னு பசங்க சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.” அவருடைய கூலி குறையவில்லை. வேலையும் போகவில்லை. ஆயினும் அவர் இழந்தது ஒன்றுண்டு. அது கேட்கப்படும் மனிதர் என்னும் நிலை. அவ்விழப்பிற்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. ஆகவே அதற்கு ஈடும் எவரும் தரவில்லை.

இக்கருத்தை உறுதிப்படுத்தும் ஆய்வொன்று உளவியல் உலகில் புகழ்பெற்றது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மேரியன் என்னும் ஊரில் இரவுடை தைக்கும் ஆலை ஒன்றில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்சு ஆகிய இருவரும் ஆய்வு நடத்தி 1948இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலைமுறையை மாற்ற வேண்டிய நிலையில், ஒரு குழுவினர்க்கு மாற்றம் அறிவிக்கப்பட்டதே தவிர அவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. வேறு குழுக்களில் தொழிலாளர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து புதிய முறையை வகுப்பதிலேயே பங்கேற்றனர். முதற்குழுவின் உற்பத்தி எழவே இல்லை. முதல் 40 நாள்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையைவிட்டே நீங்கினர். முழுப் பங்கேற்புப் பெற்ற குழுக்களோ விரைவில் பழைய அளவை எட்டி, அதனையும் விஞ்சின.

அந்த ஆய்வின் இறுதிப் பகுதி இன்னும் கருதத்தக்கது. முதற்குழுவில் எஞ்சியிருந்தோரைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு மாற்றத்தில் முழுப் பங்கேற்பு அளித்தபோது, அவர்களும் மற்றவர்களைப் போலவே விரைந்து முன்னேறினர். ஆட்கள் அதே ஆட்கள். அணுகிய முறை மட்டுமே வேறு. ஆகவே, முரண்டு என்பது பெரும்பாலும் ஆட்களின் இயல்பால் விளைவதன்று. அவர்களை நடத்திய முறையால் விளைவது.

நம் நாட்டிலும் இதனையொத்த அனுபவம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அகமதாபாத் காலிக்கோ ஆலைகளில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. புதிய தறிகள் வந்தும் பயன் எதிர்பார்த்தவாறு பெருகவில்லை. ஒவ்வொருவர்க்கும் ஒரு துண்டு வேலையே ஒதுக்கப்பட்டிருந்தது. முழுத் தறியின் பொறுப்பு எவரிடமும் இல்லை. ஏ.கே. ரைஸ் என்னும் ஆய்வாளர், தறித்தொகுதி ஒன்றைச் சிறு குழு ஒன்றின் முழுப் பொறுப்பில் விடலாம் என்று 1953இல் யோசனை கூறினார். தொழிலாளர் அதனை ஆர்வத்தோடு ஏற்றுத் தம் குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது; துணியில் ஏற்படும் சேதம் குறைந்தது. இயந்திரத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தலைமையின் கடமைகள் ஐந்து

இவற்றிலிருந்து, மாற்றத்தை நடத்துவோர்க்குரிய கடமைகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, முற்கூட்டி உண்மை கூறல். நாம் நன்கறிந்த ஒரு சிறு கூடத்தில் புதிய உருளை வாங்கப்போவதை முதலாளி எவரிடமும் கூறவில்லை. அது லாரியில் வந்து இறங்கிய அன்றுதான் தொழிலாளர் அறிந்தனர். எத்தனைப் பேருக்கு வேலை போகும் என்ற வதந்தி அன்று மாலைக்குள் தெருமுழுதும் பரவியது. உண்மையில் எவரையும் நீக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஒரு வாரத்திற்குள் கைதேர்ந்த மூவர் வேறு கூடத்திற்குச் சென்றுவிட்டனர். உருளை இரண்டு மாதம் பயனின்றிக் கிடந்தது. பின்னர் அவருடைய தமையனார் தொழிலாளரைக் கூட்டி, தேநீர் வரவழைத்து, கணக்குப் புத்தகத்தையே விரித்து வைத்துப் பேசினார். எந்தச் சரக்கிற்கு இனி விலை கிடையாது, எவர் எவர்க்கு எந்த வேலை என்று விளக்கினார். அந்த உரையாடல் இரண்டு மாதங்களுக்கு முன்பே நிகழ்ந்திருந்தால் மூன்று நல்ல தொழிலாளரை அக்கூடம் இழந்திராது.

சட்டமும் இக்கடமையை உணர்ந்திருந்தது. ஊதியம், வேலை நேரம், ஆட்குறைப்புக்கு வழிகோலும் இயந்திரச் சீரமைப்பு முதலியவற்றில் மாற்றம் செய்ய விரும்பும் வேலையளிப்பவர் 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவு விதித்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த 21 நாள் விதியை ஏற்றுக்கொண்டது. சட்டம் கேட்பது குறைந்த அளவே. அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டிவிட்டு ஒதுங்குபவர் சட்டத்தை நிறைவேற்றியவர் ஆவார், தலைவர் ஆகமாட்டார்.

இரண்டாவது, கலந்தாய்வு. மாற்றம் வேண்டுமா என்பதைச் சில வேளைகளில் தொழிலாளரிடம் கேட்க இயலாது. நீதிமன்றத்தின் ஆணை வந்தபின் ‘சுத்திகரிக்கலாமா’ என்று வாக்கெடுப்பு நடத்த முடியுமா? ஆனால் எவ்வாறு செய்வது என்பதில் அவர்களிடம் கேட்கப் பலவுண்டு. வாய்க்கால் எங்கே அடைக்கிறது, எந்த வால்வு எட்டாத உயரத்தில் உள்ளது, எந்த நேரத்தில் இரு உருளைகளின் நீர் ஒருங்கே வருகிறது என்பன வரைபடம் தீட்டியவர்க்குத் தெரியா. ஊர்ப் பொதுக் காரியங்களில் மஷ்வரா செய்யாமல் முடிவெடுப்பதை நம் பெரியோர் இழுக்கென்று கருதினர். அவ்வழக்கம் தொழிற்கூட வாசலோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முடிவை எடுத்து முடித்துவிட்டுக் கருத்துக் கேட்பது போல் நடிப்பது, கேளாமல் இருப்பதைவிடத் தீயது. அந்நடிப்பைத் தொழிலாளர் ஒரே நாளில் கண்டுகொள்வர்.

மூன்றாவது, பழந்திறனுக்குப் புதிய இடம் காணல். கட்டைவிரலால் பதம் அறிந்த அப்பெரியவரின் அறிவு உருளை வந்ததால் பயனற்றதாகிவிட்டதா? இல்லை. எந்தத் தோலில் உண்ணிக் கடி உள்ளது, எது ஊறலில் கெட்டது, எது மேல்தரமாக முடியும் என்று தரம் பிரிக்கும் கண் அவரிடம் இருந்தது. அக்கண்ணை எந்த இயந்திரத்தோடும் சேர்த்து வாங்க முடியாது. தரம் பிரிக்கும் மேசையில் அவரை அமர்த்தி, இளைஞர் இருவரை அவரிடம் பழக விட்டிருந்தால் அவர் மதிப்பும் நிலைத்திருக்கும்; கூடத்திற்கும் ஆதாயம் கிட்டியிருக்கும். ஒருவரின் இயல்பையும் செயலையும் ஆராய்ந்து உரிய வினையில் அமர்த்துவதற்கெனத் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் ஒதுக்கியதை மாணவர் அறிவர்.

பயிற்சிக்கு உரிய காலம் அளிப்பதும் இக்கடமையுள் அடங்கும். இந்திய வங்கிகளில் கணினி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1983இல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் எந்திரமயமாக்கல் பற்றி உடன்பாடு செய்துகொண்டன. முதலில் வரையறுத்த அளவில் கருவிகள் வந்தன. பின்னர் 1987, 1993 ஆகிய ஆண்டுகளின் உடன்பாடுகளால் எல்லை படிப்படியாக விரிந்தது. இது மெதுவான வழி என்று குறைகூறியோர் உண்டு. ஆயினும், பேரேட்டில் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பலர் அதே வங்கியில் கணினியின் முன் அமர்ந்து ஓய்வுபெறும் வரை பணியாற்றினர்.

நான்காவது, சுமையையும் பயனையும் பங்கிடல். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, தொழில் சீரமைப்புக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. இருக்கும் தொழிலாளர்க்கு வேலை இழப்போ வருவாய் இழப்போ நேரலாகாது. கிடைக்கும் பயன் சமுதாயம், வேலையளிப்பவர், தொழிலாளர் ஆகிய மூவர்க்கும் நேர்மையாகப் பகிரப்பட வேண்டும். வேலைச்சுமை முறையாகக் கணிக்கப்பட்டு, பணிச்சூழல் மேம்படுத்தப்பட வேண்டும் என்பன அவை. இந்நிபந்தனைகள் எல்லா இடத்தும் காக்கப்பட்டன என்று எவரும் கூறார். ஆயினும் ஒரு தலைமையை எடைபோட இவற்றினும் நல்ல அளவுகோல் நமக்குக் கிடைத்தல் அரிது. சிக்கன நாளில் முதலில் எவருடைய வசதி குறைகிறது என்பதைத் தொழிலாளர் கூர்ந்து நோக்குவர். முதலாளியின் புதிய கார் வாசலில் நிற்கும்போது தொழிலாளியின் போனசைக் குறைத்தால், அதன்பின் அவர் சொல்லும் எந்தக் கணக்கையும் எவரும் நம்பார்.

ஐந்தாவது, உயிர்க்காவல். இதனை இறுதியில் வைத்தோம். ஆனால் இதுவே முதன்மையானது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துக் கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது சேறு பாய்ந்ததில் 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றையும் நிலத்தையும் காக்க வந்த ஏற்பாடே மனித உயிரைக் குடித்த கொடுமை அது. மாற்றத்தைத் தாளில் நிறைவேற்றி, களத்தில் கண்காணியாது விட்டால் அதன் விலையை எவர் செலுத்துவர் என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டா. தோல் தொழிலின் கடுமையான வேலைகளைச் செய்தோர், ஊர் தீண்டாது ஒதுக்கிய மக்களாகவோ வெளியூரிலிருந்து வந்த ஏழைகளாகவோ பெரும்பாலும் இருந்தனர். கேட்க ஆளில்லாதவர் பக்கம் ஆபத்தைத் தள்ளுவது எளிது. அவ்வெளிமையை மறுப்பவரே தலைவர்.

இடையில் நிற்பவர்

மாற்றக் காலத்தில் மிகுந்த இன்னலுக்கு உள்ளாகிறவர் முதலாளியும் அல்லர், தொழிலாளியும் அல்லர். இருவர்க்கும் இடையில் நிற்கும் மேஸ்திரியும் மேற்பார்வையாளரும் ஆவர். மேலிருந்து வரும் ஆணையை அவர்தான் கீழே சொல்லவேண்டும். கீழிருந்து எழும் சினத்தை அவர்தான் தாங்கவேண்டும். பல கூடங்களில் மாற்றத்தின் காரணம் அவர்க்கே விளக்கப்படுவதில்லை. தாமே விளங்கிக்கொள்ளாததை அவர் பிறர்க்கு எவ்வாறு விளக்குவார்? ‘மேலிடத்து உத்தரவு’ என்று கைவிரிப்பதைத் தவிர அவர்க்கு வேறு வழியில்லை.

இதனை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாணவருள் பலர் பட்டம் பெற்றதும் அமரப்போகும் நாற்காலி இந்த இடைநாற்காலியே. தோல் கூடமாயினும், மருத்துவமனையாயினும், மென்பொருள் நிறுவனமாயினும், பள்ளியாயினும் நிலை ஒன்றே. அவ்விடத்தில் அமர்வோர்க்கு இரண்டு துணிவுகள் வேண்டும். கீழே உள்ளோரின் உண்மையான அச்சத்தை மேலே எடுத்துச் சொல்லும் துணிவு ஒன்று. கசப்பான உண்மையை மறைக்காமல் கீழே சொல்லும் துணிவு மற்றொன்று. ‘ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்’ என்னும் இனிய பொய், அந்த நேரத்துக் கூட்டத்தை அமைதியாக முடித்துவைக்கும். மறுமாதம் அச்சொல்லைச் சொன்னவரின் முகத்தில் விழிக்க எவரும் விரும்பார்.

முடியாத பணி

மாற்றம் ஒருநாள் தொடங்கி ஒருநாள் முடிவதன்று. 1996இன் தீர்ப்புக்குப் பின் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு மாசு பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. நிலையங்கள் எழுந்தன, விதிகள் வந்தன, ஆயினும் பாலாற்றுப் படுகையின் துயர் தீரவில்லை. திறப்புவிழாவோடு தலைமையின் பணி முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் கருதிப்பார்க்க வேண்டிய செய்தி இது. புதிய முறை பழக்கமாகும் வரை உடன் நிற்பதும், ஆறு மாதம் கழித்துச் சென்று ‘எங்கே இடறுகிறது’ என்று கேட்பதும், பிழை கண்டால் திட்டத்தையே திருத்த அஞ்சாதிருப்பதும் தலைமையின் பிற்பகுதிப் பணிகள். இவற்றுக்கு விழாவும் இல்லை, மாலையும் இல்லை. ஆனால் மாற்றம் வேர்கொள்வது இவற்றால்தான்.

முடிவுரை

மாற்றம் காலத்தின் இயற்கை. அதனைத் தடுத்து நிறுத்த எவராலும் ஆகாது. பட்டை போய்க் குரோம் வந்தது. நாளை வேறொன்று வரும். கணினியும் தானியங்கிக் கருவிகளும் இன்றைய இளைஞர் கற்றுவரும் தொழில்களையே அவர்கள் பணிக்காலத்துள் பன்முறை மாற்றக்கூடும். அப்போது அவர்கள் மாற்றத்தை நடத்துவோராகவும் இருப்பர். மாற்றத்திற்கு உள்ளாவோராகவும் இருப்பர். இரு நிலைகளிலும் அவர்களுக்கு வழிகாட்டுவது ஒரே உண்மை. மனிதர் புதுமைக்கு அஞ்சுவதில்லை. தம்மைக் கேளாமல் தம் வாழ்வு மாற்றப்படுவதற்கே அஞ்சுகின்றனர்.

தொழில் நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. புதிய இயந்திரத்திற்கு விலை பேசும் நாளிலேயே, அதன் அருகில் நிற்கப்போகிறவரையும் அழைத்துப் பேசுங்கள். மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். நாளை நீங்கள் ஒரு பணியிடத்தின் பொறுப்பை ஏற்று, பழையன நீக்கிப் புதியன புகுத்தும்போது, அங்கே ஓரமாக ஒரு முதியவர் நின்றிருப்பார். அவரைத் ‘தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்லாதீர்கள். அருகில் அழைத்து, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவரிடமிருந்து நீங்கள் பெறும் விடை, எந்தக் கையேட்டிலும் இல்லாத விடையாக இருக்கும்.